அருளானந்தரை இழுத்து வந்தது ஆர்டரா, ஆர்வமா?

(ஒரு சொல்லைப் பற்றிய உரையாடல் இழை. எழுதுபவர்கள் அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

தொண்டி · சனவரி 3, காலை 7.10

ஓரியூர் புனித அருளானந்தர் திருவிழா மலருக்கு ஆங்கிலக் கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. ஒருவர் வாசித்துக் குரல் பதிவாக அனுப்ப, இன்னொருவர் அதைக் கேட்டுத் தமிழில் எழுதினார். அதில் ஒரு வரி, ‘அவருடைய ஆர்டர் அவரை மறவர் நாட்டுக்கு மீண்டும் இழுத்தது’ என்ற பொருளில் வருகிறது. ஆர்டர் என்றால் துறவற சபை, அருளானந்தர் போர்ச்சுகல்லில் பிறந்த இயேசு சபைக்காரர், ஆகவே ‘அவருடைய சபை அவரை மறவர் நாட்டுக்கு மீண்டும் அனுப்பியது’ என்று எழுதியவர் முடித்துவிட்டார். மூலத்தை எடுத்துப் பார்த்தால் எழுத்து ஏ-ஆர்-டி-ஓ-யூ-ஆர். அகராதி ‘பேரார்வம், கனல், வெப்பம்’ என்கிறது. சபைக்கும் வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? பிப்ரவரி 4 திருவிழா. அச்சகத்துக்கு 20ஆம் தேதிக்குள் கொடுக்கணும்.

மண்டபம் · சனவரி 3, காலை 8.25

சம்பந்தமே இல்லை. இரண்டும் வேறு வேறு சொல். சபை, ஆணை, ஒழுங்கு, வரிசை எல்லாம் ஓ-ஆர்-டி-இ-ஆர். உங்கள் கட்டுரையில் இருப்பது உள்ளே எரிகிற வேகம். லத்தீனில் ‘எரி’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தீ வைக்கும் குற்றத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்சன்’ என்பார்களே, அதுவும் இதே அடுப்பில் பிறந்ததுதான்.

சபை என்று போட்டால் வரலாறும் சாயும். 1686இல் அவரைப் பிடித்து வதைத்து, மறவர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று வெளியேற்றினார்கள். பிறகு ஐரோப்பா போனார். லிஸ்பனில் அரசரே அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். 1690இல் திரும்பினார், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டார். ஊரில் இரு என்று அரசர் சொல்லியும் கிளம்பி வந்த மனிதரைப் பற்றித்தான் அந்த வரி பேசுகிறது. ‘சபை அனுப்பியது’ என்றால் மாறுதல் உத்தரவில் வேலைக்குப் போன மாதிரி ஆகிவிடும்.

பாம்பன் · சனவரி 3, காலை 9.02

ரெண்டு ஆர்டரும் ஒண்ணா வந்தா என்ன பண்றது? ‘மாஸ்டர், அஞ்சு பரோட்டா ஆர்டர்’னா அஞ்சு பரோட்டா மேல எரியிற ஆசைன்னு வச்சுக்கலாமா? எங்க பக்கம் ரெண்டும் ஒண்ணுதான்.

மண்டபம் · சனவரி 3, காலை 9.40

சிரிப்புக்குச் சொன்னாலும் பிரச்சினை அதுதான். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘ஆர்டர்’ ஆகிவிடும். இந்த இழை முடியும்வரை எரிகிற சொல்லை ‘ஆர்டௌர்’ என்று எழுதுவோம். இது அடையாளத்துக்கு மட்டும், வாயால் அப்படிச் சொல்லிவிட வேண்டாம். சரியான உச்சரிப்பில் முதல் அசை நல்ல நெடில் ‘ஆ’. இரண்டாவது அசையில் உயிர் தேய்ந்து ‘ட’வுக்கும் ‘டெ’வுக்கும் நடுவே நிற்கும். பிரிட்டிஷ்காரர் இரண்டு ‘ர்’ரையும் விழுங்கிவிடுவார், அமெரிக்கர் இரண்டையும் ஒலிப்பார். அமெரிக்க எழுத்தில் ‘யூ’ கிடையாது, அதைப் பிழை என்று திருத்த வேண்டாம்.

நம் காதுக்கு ஆங்கில ‘ஓ’ எல்லாம் ‘ஆ’தான். ஆபீஸ், காபி, லாரி, டாக்டர். அந்த வழக்கப்படி ஓ-வில் தொடங்கும் சொல் ஆர்டர் என்று வந்து உட்கார்ந்துவிட்டது. உண்மையான ‘ஆ’ உள்ள சொல்லுக்கு இடம் இல்லை.

கீழக்கரை · சனவரி 3, பகல் 1.15

ஓ எல்லாம் ஆ ஆகும் என்பது சரியில்லையே. போர்டு? கோர்ட்டு? ரிப்போர்ட், பாஸ்போர்ட், ஸ்டோர்? கீழக்கரையில் பாதிப் பேச்சு பாஸ்போர்ட் பற்றித்தான். யாரும் ‘பாஸ்பார்ட்’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

மண்டபம் · சனவரி 3, இரவு 9.50

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) தப்பைப் பிடித்துவிட்டார். காலையில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ‘ர்’ இல்லாத இடத்தில் குட்டை ‘ஓ’வுக்கு உள்ள விதியை ‘ர்’ உள்ள இடத்துக்கும் நீட்டியது தப்பு. ஒழுங்காகப் பிரித்தால் இப்படி வருகிறது.

ஒரு பக்கம் ஆர்டர், லார்டு, டார்ச், ஹாரன், கார்னர், நார்த், ஷார்ட், விண்ணப்பம் நிரப்பும் பாரம். மறுபக்கம் போர்டு, கோர்ட்டு, ரிப்போர்ட், பாஸ்போர்ட், ஸ்டோர், ஸ்போர்ட்ஸ், ஃபோர்ஸ். ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் பிரித்ததாகச் சொல்ல முடியாது. பாரத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இரண்டிலும் ஓ-ஆர் எழுத்துத்தான். காரணம் ஒலியில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி உயிர். ‘குதிரை’யும் ‘கரகரத்த குரலும்’ அவர்கள் மொழியில் இன்று ஒரே மாதிரி ஒலிக்கின்றன, ஒரு காலத்தில் அப்படி இல்லை. இங்கிலாந்தில் பெரும்பாலும் இந்த வேறுபாடு அழிந்துவிட்டது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பேச்சில் பலரிடம் இன்னும் இருக்கிறது. இந்திய ஆங்கிலத்திலும் இருக்கிறது. கடன் வாங்கிய நம்மிடம் அது பத்திரமாக இருக்க, கொடுத்தவர்கள் தொலைத்துவிட்டார்கள்.

ஆகவே ஆர்டர் தற்செயலாக ‘ஆ’ ஆனதில்லை. அது வாய் திறந்த பக்கத்துச் சொல். அதனால்தான் ஆர்டௌரோடு மோதுகிறது. ‘போர்டு’ வகையில் பிறந்திருந்தால் ‘ஓர்டர்’ ஆகியிருக்கும், தொண்டிக்காரருக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது.

பாம்பன் · சனவரி 3, இரவு 10.05

‘ஓர்டர் அஞ்சு பரோட்டா.’ நல்லவேளை.

தேவிபட்டினம் · சனவரி 4, காலை 6.30

இவ்வளவு சுற்றுவானேன்? ஆர்டௌர் என்பது நம் ‘ஆர்வம்’தான். ‘ஆர்’ அப்படியே இருக்கிறது, பொருளும் அதே. திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்திலேயே ஆர்வம் வருகிறது. லத்தீன்காரர் நம்மிடம் எடுத்ததை நமக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆர்வம் என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

மண்டபம் · சனவரி 4, காலை 8.10

குறளில் இருப்பது உண்மை, 74ஆம் குறள். லத்தீனுக்கு நாம் கொடுத்தோம் என்பது நிற்காது. அதிலுள்ள ‘ர்’ அங்கே ஆதியிலிருந்து இருந்த எழுத்து இல்லை. லத்தீனில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் பழைய ‘ஸ்’ பிற்காலத்தில் ‘ர்’ ஆனது. இந்தச் சொல்லின் அடி ‘ஆஸ்’ போன்ற ஒலி. அந்த அடியிலிருந்து முதலில் ‘உலர்ந்த’ என்ற சொல் பிறந்தது, உலர்ந்ததிலிருந்து ‘எரிகிற’ வந்தது. ஆங்கிலத்தில் சாம்பலுக்கு ‘ஆஷ்’ என்கிறார்களே, அதில் பழைய ‘ஸ்’ மறையாமல் கிடக்கிறது. நம் ஆர்வத்தோடு ஒத்துப்போகும் அந்த ‘ர்’தான் பின்னால் வந்து சேர்ந்தது. அதை வைத்து உறவு பேச முடியாது.

இன்னொன்று. ‘வறண்ட’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘அரிட்’ என்பதும் இதே குடும்பம். இராமநாதபுரத்தைப் பற்றி எழுதும் எந்த அரசு அறிக்கையிலும் அந்தச் சொல் இல்லாமல் இருக்காது. ஆர்டௌரின் உறவுக்காரர் நம் மாவட்டத்தில்தான் குடியிருக்கிறார்.

தேவிபட்டினம் · சனவரி 4, காலை 8.35

உறவு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்புக்கு ஆர்வம் சரிதானே? பொருள் பொருந்தினால் போதும்.

கீழக்கரை · சனவரி 4, பகல் 12.20

முன்பு பொருந்தியிருக்கும். இன்று ஆர்வம் தேய்ந்துவிட்டது. ‘ஆர்வமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்’, ‘ஆர்வமிருந்தால் வாங்க’ என்கிறோம், அங்கே கனலா எரிகிறது? உருதுவில் ‘ஷவ்க்’குக்கும் இதே கதிதான். அரபியில் அது உருக வைக்கும் ஏக்கம். சூஃபிகள் இறைவனைத் தேடும் தவிப்புக்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். உருது, இந்திப் பேச்சில் அது புறா வளர்ப்பதும் தபால்தலை சேர்ப்பதுமாக இறங்கிவிட்டது. அன்றாடம் கையாளும் சொல் சூடு ஆறிப்போகும்.

எங்கள் பேச்சில் ‘முஹப்பத்து’ இருக்கிறது, அன்பு என்ற அளவில். ‘ஹிம்மத்து’ இருக்கிறது, துணிந்து செய்யும் ஊக்கம். தலை போகும் என்று தெரிந்து திரும்பி வந்தவருக்கு ஹிம்மத்து ஒரு பாதி பொருந்தும். ஆனால் கோயில் மலரில் போட முடியாது, புரியாது.

மண்டபம் · சனவரி 4, இரவு 10.40

தமிழில் சூடு பற்றிய சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் ஒரு தெருவில் குடிபோய்விட்டது, அதுதான் சிக்கல்.

தாபம்: பிறப்பைப் பார்த்தால் ஆர்டௌருக்கு அண்ணன் மாதிரி. வடமொழியில் வெப்பம், காய்ச்சல். தவமும் அதே வேர். ஆனால் தமிழில் விரகத்தோடு ஒட்டிக்கொண்டது. அருளானந்தருக்குத் தாபம் என்று எழுதினால் பங்குத்தந்தை கூப்பிட்டு விசாரிப்பார்.

கொதிப்பு: இது கோபம். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம்.

கனல், அனல்: பேச்சுக்கு ஒத்துவரும். ‘அனல் பறந்தது’ என்றால் மேடை. ஒருவர் உள்ளே வருடக்கணக்கில் வைத்திருப்பதற்கு ‘கனல்’ கவிதையில் சரி, கட்டுரை நடையில் உறுத்தும்.

வெறி: வேகம் உண்டு, நிதானம் இல்லை. ஆர்டௌரில் பழிப்பு கிடையாது. வெறியில் பாதிக்கு மேல் பழிப்பு.

அவா: வள்ளுவர் 37ஆம் அதிகாரத்தில் அதை அறுக்கச் சொன்ன நாளிலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஊக்கம்: 60ஆம் அதிகாரம் முழுக்க அதற்குத்தான். நல்ல சொல். சூடு மட்டும் இல்லை. ‘ஊக்கத்தொகை’ வந்த பிறகு பணவாடை வேறு.

வேட்கை: இதற்கு நாளை வருகிறேன்.

பாம்பன் · சனவரி 5, காலை 5.45

ஒரு சந்தேகம். இதுக்கெல்லாம் பேஷன்னு ஒரு சொல் இருக்கே. அதைப் போட்டா எல்லாருக்கும் புரியுமே. ‘அவருடைய பேஷன்.’

தொண்டி · சனவரி 5, காலை 6.20

அண்ணே, தமிழில் பேஷன் என்று எழுதினால் பாதிப்பேர் உடுப்பு என்று படிப்பார்கள், மீதிப்பேர் பைக் என்று படிப்பார்கள்.

மண்டபம் · சனவரி 5, காலை 8.00

அதுவும் மோதல்தான். ஆங்கிலத்தில் பி-யில் தொடங்குவது வேறு, எஃப்-இல் தொடங்குவது வேறு, தமிழில் இரண்டும் பேஷன்.

பி-யில் தொடங்கும் பேஷனுக்கு மூலப் பொருள் ‘படுதல்’. லத்தீனில் துன்பத்தைத் தாங்குதல். நோயாளிக்கும் பொறுமைக்கும் ஆங்கிலத்தில் உள்ள ‘பேஷன்ட்’, சும்மா வாங்கிக்கொள்ளும் ‘பாஸிவ்’ இரண்டும் அந்த வீட்டுப் பிள்ளைகள். கிறிஸ்து பட்டதைத்தான் முதலில் இச்சொல்லால் குறித்தார்கள், காதலும் ஈடுபாடும் பிறகு வந்தவை. பேஷன் பழத்துக்குப் பெயர் வந்ததும் அந்த வழியில்தான். பூவின் பகுதிகளில் சிலுவை ஆணியும் முள்முடியும் தெரிகிறது என்று குருக்கள் வைத்த பெயர். ‘மனசை மயக்கும் பழம்’ என்று ஜூஸ் கடையில் விளக்கம் சொன்னால் நம்ப வேண்டாம்.

தமிழ்க் கத்தோலிக்கர் இதை ‘பாடுகள்’ என்று பெயர்த்தது அசல் வேலை. படு, பாடு, பட்டதெல்லாம் பாடு. லத்தீன் வேரும் தமிழ் வேரும் ஒரே செயலைச் சொல்கின்றன.

பாம்பன் · சனவரி 5, காலை 8.30

அட, பாடு எங்க சொல்லாச்சே. ‘இன்னைக்கி மீன்பாடு எப்படி?’ வலையில பட்டது பாடு. பட்டுட்டு வந்தா அது ஒரு பாடு, படாம வந்தா அது பெரும்பாடு. பாடுபட்ட சுரூபம் தொங்குற வீட்டுலயே நின்னுக்கிட்டு ‘பாடு இல்லை’ன்னு சொல்லுவோம், யாருக்கும் குழப்பம் வராது.

மண்டபம் · சனவரி 5, காலை 8.45

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் நல்ல குறிப்பு. என்னுடையவற்றையும் சேர்த்துத்தான்.

கீழக்கரை · சனவரி 5, பகல் 2.10

வேறு ஒரு கேள்வி. கட்டுரையில் இன்னொரு இடத்தில் ‘ஃபெர்வர்’ என்று வருவதாகத் தொண்டிக்காரர் எனக்குத் தனியே அனுப்பியிருந்தார். பக்தர் கூட்டத்தைப் பற்றி. அதையும் ஆர்டௌரையும் ஒரே சொல்லால் பெயர்க்கலாமா? ‘ஸீல்’ என்று ஒன்றும் இருக்கிறது.

மண்டபம் · சனவரி 5, இரவு 11.15

பெயர்க்கக் கூடாது. மூன்றையும் தனியே வைக்கணும்.

ஃபெர்வரின் வேர் லத்தீனில் ‘கொதி’. சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குவதை ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லிலும் இதே வேர்தான். கொதிப்பு வெளியே தெரியும், சத்தம் போடும், பொங்கி வழியும். அதனால் கூட்டத்துக்கு, திருவிழாவுக்கு, தேர்தலுக்கு, நாட்டுப்பற்றுக்கு அதிகம் வரும். ஏர்வாடி சந்தனக்கூட்டில் நிற்கும் கூட்டத்துக்கும் இராமேஸ்வரம் ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கும் ஃபெர்வர் ஒத்துவரும். தமிழில் ‘பக்திப் பெருக்கு’ சரியாக உட்காரும், பொங்குதலும் பெருகுதலும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஆர்டௌர் பெரும்பாலும் தனி ஆளுடையது. எரிவது உள்ளே. வெளியே சத்தம் வரணும் என்று இல்லை.

ஸீல் வேலையில் தெரிவது. ஓடி ஓடிச் செய்வது. கிரேக்கத்திலிருந்து வந்தது. பொறாமைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஜெலஸ்’ அதன் உடன்பிறப்பு. அதனால் ஸீல் அளவு மீறினால் உடனே பழிப்பாகிவிடும். கேட்காத கோப்பையும் கிளறும் அதிகாரியின் ‘ஓவர் ஸீல்’. நம் ‘முந்திரிக்கொட்டை’ அங்கே பாதி தூரம் வரும்.

ஸீலுக்குப் பழைய சீர்திருத்த சபைத் தமிழ் வேதாகமம் ‘பக்திவைராக்கியம்’ என்று வைத்தது. கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பு அதே யோவான் 2:17க்கு ‘ஆர்வம்’ என்று வைத்தது. வைராக்கியம் தமிழில் குட்டிக்கரணம் போட்ட சொல். வடமொழியில் அது ராகம் இன்மை, பற்று அறுதல். ஆசையை விட்டவன் நிலை. தமிழ்ப் பேச்சில் ‘வைராக்கியமா இருக்கா’ என்றால் பிடித்த பிடியை விடாதவள். பற்றில்லாமையைக் குறித்த சொல் விடாப்பற்றைக் குறிக்க வந்துவிட்டது. துறப்பதற்கே பிடிவாதம் வேண்டியிருக்கிறதே, அந்தப் பிடிவாதம் மட்டும் தமிழில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

தேவிபட்டினம் · சனவரி 6, காலை 7.00

அப்படியானால் அருளானந்தருக்கு வைராக்கியமே போதுமே? ஆர்வத்தை விட்டுவிட்டேன், இதைப் பிடிக்கிறேன்.

மண்டபம் · சனவரி 6, காலை 7.50

கிட்டத்தட்ட. ஆனால் வைராக்கியம் ‘இழுத்து’ வராது. வைராக்கியம் நிற்க வைக்கும், அசையாமல் பிடித்து வைக்கும். சிறையில் வதைத்தபோது மறுத்து நின்றாரே, அந்த இடத்துக்கு வைராக்கியம். கடல் தாண்டி இழுத்து வந்ததற்கு வேறு வேண்டும். வினைதான் முடிவு செய்யும்.

இதை வழிமுறையாகவே சொல்லிவிடலாம். ஆர்டௌர் கண்ணில் பட்டால் அந்தச் சொல்லைவிட்டு மூன்று இடத்தைப் பாருங்கள்.

முதலில் வினை. ஆங்கிலத்தில் இச்சொல்லோடு வரும் வினைகள் கைவிரலில் அடங்கும். மூட்டு, கிளறு என்ற பக்கம் சில. குளிரவை, ஈரமாக்கு, அணை என்ற பக்கம் சில. எல்லாம் அடுப்படி வினை. அந்த வினையைத் தமிழில் தாங்கும் பெயர்ச்சொல் எது என்று பார்க்கணும். ‘ஆர்வம் குளிர்ந்தது’ என்று தமிழில் வராது, ‘ஆர்வம் குன்றியது’ என்றுதான் வரும்.

அடுத்து, பின்னால் ‘ஃபார்’ என்று ஒட்டு இருக்கிறதா. இருந்தால் எதன்மேல் என்பது தெளிவு. இல்லாமல் தனியாக, ஆண்-பெண் விஷயத்தில் வந்தால், ‘அவனுடைய ஆர்டௌர் தணிந்தது’ என்பதற்குப் பொருள் படுக்கையறை வரை போகும். செய்தித்தாள் மொழிபெயர்ப்பில் இங்கேதான் ‘ஆர்வம் குறைந்தது’ என்று போட்டுச் சப்பென்று ஆக்குவார்கள்.

மூன்றாவது, நடை. ஆர்டௌர் எழுத்து நடைச் சொல். வேலை விண்ணப்பத்தில் ‘எனக்குக் கணினி நிரல்மீது ஆர்டௌர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் நாடக வசனம் போல இருக்கும். அங்கே பேஷன் போதும். எண்ண முடியாத பெயர், ‘இரண்டு ஆர்டௌர்’ கிடையாது. முன்னால் ‘ஒரு’ சேர்ப்பதும், ‘எல்லோரையும் வியக்கவைத்த ஒரு ஆர்டௌர்’ என்பதுபோல விளக்கம் கூட வந்தால்தான்.

உரிச்சொல் ‘ஆர்டென்ட்’ மட்டும் அன்றாடத்துக்கு இறங்கி வரும். ‘ஆர்டென்ட் ரசிகர்’ என்றால் தீவிர ரசிகர், அவ்வளவுதான். தீவிர என்பதற்கு மேல் தேட வேண்டாம்.

கீழக்கரை · சனவரி 6, பகல் 11.30

‘ஆர்டென்ட் ஸ்பிரிட்ஸ்’ என்று பழைய ஆங்கிலச் சட்ட வாசகங்களில் பார்த்தால் உஷார். ஆர்வமிக்க ஆவிகள் என்று எழுதிவிடாதீர்கள். காய்ச்சி வடித்த சாராயம். தீக்குச்சி காட்டினால் பற்றும் என்பதால் அந்தப் பெயர். தமிழில் ‘எரிசாராயம்’ என்ற சொல் இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து அதேதான்.

பாம்பன் · சனவரி 6, பகல் 11.42

ஆர்வமிக்க ஆவிகளும் அதைக் குடிச்சவங்கதான்.

கீழக்கரை · சனவரி 6, பகல் 11.55

ஆவி என்றதும் நினைவு வந்தது. ‘என்தூசியாசம்’ என்ற சொல்லின் கிரேக்க வேர் ‘தெய்வம் உள்ளே புகுந்த’ என்பது. 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது வசை, மதவெறி பிடித்து ஆடுபவருக்குச் சொன்னது. இன்று பள்ளிக்கூடச் சான்றிதழில் பாராட்டாக வருகிறது. நம் ஊரில் ‘அருள் வந்து ஆடினார்’ என்பது நேர்ப்பொருள்.

தொண்டி · சனவரி 7, காலை 6.40

எல்லாம் சரி, என் வரிக்கு வாங்க சார். ‘வேட்கைக்கு நாளை வருகிறேன்’ என்று சொல்லி மூன்று நாள் ஆச்சு.

மண்டபம் · சனவரி 7, இரவு 9.30

வந்துவிட்டேன்.

வேட்கையின் வேர் ‘வேள்’, விரும்புதல். தேர்தலில் நிற்பவர் ‘வேட்பாளர்’ ஆனதும் அதனால்தான், பதவியை வேட்பவர். நீர்வேட்கை என்றால் தாகம். ஆங்கிலச் சொல் தீயிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல்லைத் தண்ணீருக்குத் தவிக்கும் நாக்கு பிடித்துக்கொண்டது. இரண்டும் எதிரெதிர் என்று தோன்றும். ஆனால் ஆர்டௌருக்கு முந்தைய பொருள் ‘உலர்தல்’ என்று 4ஆம் தேதி எழுதினேனே, அங்கே போனால் இரண்டும் ஒரே வறட்சியில் நிற்கின்றன. கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில் நம் கரையில் விறகும் காயும், நாக்கும் காயும்.

வினையும் பொருந்துகிறது. தீ தணியும், சூடு தணியும், தாகம் தணியும், கோபம் தணியும், வேட்கை தணியும். ஆங்கிலத்தில் குளிர்வித்தாலும் ஈரமாக்கினாலும் அணைத்தாலும் தமிழில் ‘தணி’ ஒன்றே எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். ‘தணியாத’ என்று எதிர்மறையாக்கினால் இன்னும் பலம்.

ஒரு எச்சரிக்கை. அகப்பாடல் படித்தவர்களுக்கு வேட்கை என்றதும் காதல்தான் முதலில் வரும். ஆகவே மொட்டையாக விடக்கூடாது, எதற்கான வேட்கை என்று முன்னால் ஒட்ட வேண்டும். உங்கள் வட்டாரத்தில் ‘ஆன்ம தாகம்’ என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அது தேய்ந்த காசு, விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: ‘மறைப்பணி வேட்கை அவரை மறவர் நாட்டுக்கு மீண்டும் இழுத்து வந்தது.’

தேவிபட்டினம் · சனவரி 7, இரவு 9.58

‘தணியாத’ எங்கே?

மண்டபம் · சனவரி 7, இரவு 10.10

மூலத்தில் இல்லை. சேர்த்தால் அழகாக இருக்கும், ஆனால் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார் என்று அடுத்த வரியே சொல்கிறது, தணியவில்லை என்பது படிப்பவருக்குத் தெரியும்.

தேவிபட்டினம் · சனவரி 8, காலை 6.15

1686இல் வெளியேற்றம், 1690இல் திரும்பல். நாலு வருடம்.

மண்டபம் · சனவரி 8, காலை 7.05

நாலு. நன்றி. மலரில் எண் ஏதும் எழுதாமல் ஆண்டுகளை மட்டும் போடுங்கள்.

தொண்டி · சனவரி 17, மாலை 6.20

மெய்ப்பு வந்தது. ‘மறைப்பணி வேட்டை அவரை மறவர் நாட்டுக்கு மீண்டும் இழுத்து வந்தது.’

பாம்பன் · சனவரி 17, மாலை 6.24

ஐயோ.

மண்டபம் · சனவரி 17, இரவு 8.40

இதை முன்பே சொல்லியிருக்கணும். ‘ட்கை’ தமிழில் அரிதான சேர்க்கை, ‘ட்டை’ கைக்குப் பழகியது. தட்டச்சர் படித்துப் பார்த்து மறுபடி அடிக்கும்போது விரல் தானாக அங்கே போகும். எழுத்துப்பிழை திருத்தியும் பிடிக்காது, இரண்டுமே சரியான சொல். வெட்கம், உட்கார் போன்றவற்றில் தப்பினால் பொருளில்லாச் சொல் வரும், கண்ணில் பட்டுவிடும். வேட்கையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கோப்பு முழுக்க ‘வேட்டை’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். ‘எல்லாவற்றையும் மாற்று’ அழுத்த விட வேண்டாம், உண்மையான வேட்டை எங்காவது இருக்கும்.

தொண்டி · சனவரி 18, காலை 10.30

நீங்கள் எழுதியதைப் படிக்குமுன் அச்சகத்தில் அழுத்திவிட்டார்கள். அருளானந்தர் வரி சரியாகிவிட்டது. பின் அட்டையில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், ‘பொங்கல் தள்ளுபடி வேட்டை’ என்று இருந்தது. இப்போது ‘பொங்கல் தள்ளுபடி வேட்கை’. கடைக்காரருக்குப் போன் போட்டு மாற்றித் தருகிறேன் என்றேன். அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘பொங்கல் முடிஞ்சு மூணு நாளாச்சு, அதை முதல்ல மாத்துங்க, வேட்கை நல்லாத்தான் இருக்கு, விட்டுடுங்க’ என்கிறார்.